பெயரை அவன் சொல்லவில்லை

மேனேஜர் சீனுவாசன் கைப்பேசியை மேசை நடுவில் வைத்து ஒலியைக் கூட்டினார். ஒரு பெண்ணின் குரல் அறை முழுக்கப் பேசியது. பாதிகூடப் போகவில்லை, வேன் டிரைவர் விருத்தாசலம் சிரித்துவிட்டான்.

“இது நம்ம மலரு சார். திண்டிவனம் ஆபீஸ் மலர்விழி.”

“நல்லா தெரியுமாய்யா?”

“இன்னா சார் இப்பிடி கேக்குறீங்க? டெய்லி என்ன எழுப்பறது எம் பொண்டாட்டி இல்ல சார், இந்தக் கொரலுதான். ‘விருத்தாசலண்ணே, எயிந்துட்டீங்களா, மயிலம் ரோட்டுல பொண்ணுங்க நிக்கிதுங்க’ன்னு. செத்து கெடந்தாகூட இந்தக் கொரலு கேட்டா எயிந்து வண்டி எடுத்துடுவேன். இன்னா சார், அதுக்கு எதுனா பிரைஸ் உழுந்துச்சா?”

“உழுந்துச்சி. நீ போ.”

விருத்தாசலம் சிரித்துக்கொண்டே போனான். சுவரோரம் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பூவரசனுக்குக் காது சூடாகியது. அந்தக் குரல்பதிவை மேனேஜருக்கு அனுப்பியது அவன்தான்.

“சார், போஸ்டர்ல பேரு ரகசியம்னு போட்டுக்கீறோம்” என்றான்.

“நீ அவ பேர எங்கிட்ட சொன்னியா?”

“இல்ல சார்.”

“நான் ஒன்ன கேட்டனா?”

“கேக்கல சார்.”

“அப்பறம் இன்னா? கொரலு சொல்லிச்சி, டிரைவர் சொன்னான். நீ சுத்தம்யா.”

சுத்தம் என்ற சொல் அந்த நேரத்தில் பூவரசனுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததை நினைத்துத்தான் பிறகு அவனுக்கு உடம்பு கூசியது.

செருப்புத் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புகிற கம்பெனி அது. தலைமை அலுவலகம் விழுப்புரத்தில், கிளை திண்டிவனத்தில். ஊர் ஊராக வேன் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து தொழிற்சாலை வாசலில் இறக்கும். வேன் எங்கே வருகிறது என்று பார்க்க ஒவ்வொரு பெண்ணின் போனுக்கும் ஒரு லிங்க் அனுப்பியிருந்தார்கள். அதைத் திறந்தால் அவளுடைய படம், போன் நம்பர், அவள் ஏறும் இடம், ஏறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாம் வரும். மலர்விழிக்கு அந்த வேன்களை விடிகாலையில் எழுப்பி ஓட்டுகிற வேலை. திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே டயர் கடை மாடியில் உட்கார்ந்து டிரைவர்களையும் பெண்களையும் போனில் சேர்த்துவைப்பாள்.

பூவரசன் அந்தக் கம்பெனியின் எச்.ஆர். கூலி வேலைக்குச் சேர்கிற பெண்களின் ஆதார் நகலை வாங்கிக் கோப்பில் வைப்பதும், வராதவர்களைத் திட்டுவதும்தான் பெரும்பாலும் அவன் வேலை. போன வருஷம் வெளிநாட்டிலிருந்து செருப்பு வாங்குகிறவர்கள் தணிக்கைக்கு வந்து, புகார் சொல்ல ஒரு வழி வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரு போஸ்டர் அடித்து எல்லா வேனிலும் ஒட்டினார்கள். ‘தவறு கண்டால் தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் பெயர் வெளியே வராது. உங்கள் வேலைக்கு நாங்கள் பாதுகாப்பு.’ கீழே பூவரசனின் படமும் நம்பரும். அவசரத்துக்கு வேறு படம் கிடைக்காமல் அவன் கல்யாண வரவேற்புப் படத்தையே வெட்டிப் போட்டிருந்தார்கள். தோளில் மாலை கொஞ்சம் தெரியும்.

போஸ்டரைப் பார்த்து இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. மலர்விழிதான் முதல் ஆள்.

சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். இளவரசி என்று ஒரு பெண், தையல் பிரிவில் வேலை, மயிலம் சாலையில் ஏறுகிறவள். அவளுக்கு எவனோ போன் செய்து, நாளைக்கும் அந்தப் புளியமரத்துக்கிட்டதானே நிற்பாய், நீலச் சுடிதார் நன்றாக இருந்தது என்கிறானாம். நம்பரை மாற்றி மாற்றி இன்னும் இரண்டு மூன்று பெண்களுக்கும் இதே பேச்சு. எங்கிருந்து நம்பர் கிடைத்தது என்று தெரியாமல் இருந்திருக்கிறார்கள். முந்தின நாள் காலை ஒரு பெண்ணின் பக்கத்தைத் திறக்கப்போன மலர்விழி லிங்க்கின் கடைசி எண்ணைத் தவறாக அடித்துவிட்டாள். வேறொரு பெண்ணின் படம் வந்து நின்றது. கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. எண்ணை மாற்ற மாற்ற ஒவ்வொரு பெண்ணாக வந்துகொண்டே இருந்தாள்.

“பயமாகீது சார். பூட்டே இல்லாத வூடு மாதிரி கீது. ஜல்தியா மூடச் சொல்லுங்க.”

“ஒண்ண வெச்சி சொன்னா மேனேஜர் நம்ப மாட்டாரு. ஒரு பத்து பேரு பக்கத்தயாச்சும் தொறந்து போட்டோ எடுத்து அனுப்பு. அப்பிடியே வெவரத்த ஒரு வாய்ஸ்ல போட்டுடு.”

“பத்து பேரா? அடுத்தவங்க வூட்டுப் பொண்ணுங்க படம் சார். எம் போன்ல எப்பிடி எடுக்கிறது? ஒண்ணு போதாதா?”

“ஒண்ணுன்னா ஏதோ கோளாறுன்னுடுவாரு. நான் சொல்றேன் இல்ல, எடு. நான் கீறேன்.”

“எம் பேரு வர வேணாம் சார். குரூப் ஃபோர் பாஸ் பண்ணிக்கீறேன். அடுத்த மாசம் சர்ட்டிபிகேட் பாக்க கூப்புடுவாங்க. இதுல எதுனா போலீசு கீலீசுன்னு வந்தா போச்சி.”

“போஸ்டர் பாக்கல நீ? ஒம் பேரு எங்க வரப் போவுது?”

அவள் படங்களையும் குரல்பதிவையும் அனுப்பினாள். கடைசி வார்த்தையாக, ‘எம் பேரு வெளிய வராம பாத்துக்கோங்க சார்’ என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் அமாவாசை. பூவரசன் குடும்பத்தோடு மேல்மலையனூர் பஸ்ஸில் நின்றபடி போய்க்கொண்டிருந்தான். ஒரு தோளில் பிள்ளை, ஒரு கை கம்பியில். லிங்க் விஷயம்னு சொன்னியே, இன்னாய்யா அது, ஜல்தி சொல்லு என்று சீனுவாசனிடமிருந்து வாய்ஸ் வந்தது. அந்த அலுவலகத்தில் யாரும் எழுதுவதில்லை. தமிழில் தட்டச்சு செய்யப் பொறுமை கிடையாது, ஆங்கிலத்தில் எழுதத் தைரியம் கிடையாது. லீவு கேட்பதிலிருந்து சாவு சொல்வதுவரை எல்லாம் வாய்ஸ்தான். வந்த வாய்ஸை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதுதான் வேலை செய்கிற முறை. பூவரசன் கட்டை விரலாலேயே குரலையும் படங்களையும் சேர்த்துத் தள்ளினான். தள்ளியபிறகு ஒரு நொடி யோசித்தான். பெயர் எங்கும் இல்லை. சரி என்று போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

எழுபது டிரைவருக்குத் தினமும் பழக்கமான குரல் அது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

இப்போது, விருத்தாசலம் போனபிறகு, சீனுவாசன் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த வாரம் ஆடிட்டு வருது. இது வெளிய தெரிஞ்சா காண்ட்ராக்ட் போச்சி. இதப் பாரு பூவரசா. பக்கம் தொறந்து கெடந்துச்சின்னா நம்ம தப்பு. அவ தொறந்தான்னா அவ தப்பு. இத்தினி பொண்ணுங்க படம் இவ போன்ல எப்பிடி வந்துச்சி? போலீஸ்ல குடுத்தா உள்ளதான்.”

நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. பூவரசன் தண்ணீர் கேன் மூடியைச் சரிசெய்தான்.

அவன் அப்பா முத்துசாமி விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கினவர். கழுத்துக்குக் கீழே காய்த்துப்போன இடம் அவர் சாகும்வரை இருந்தது. மூட்டை தூக்குகிறவன் பொய் சொல்ல முடியாது. மூட்டை லாரியில் ஏறியதா இல்லையா என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மின்விசிறிக்குக் கீழே உட்காருகிற வேலையில் எதுவும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அந்த நாற்காலிக்கு வந்து சேர அவனுக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று. அதை விட்டு எழுந்து நிற்க அவன் கால் வரவில்லை.

“நோட்டீஸ் அடி. சஸ்பெண்டு. நீயே திண்டிவனம் போயி குடுத்துட்டு வா. அவ போன் கம்பெனி போன்தான? அத்த வாங்கிக்கினு வா.”

மறுநாள் பூவரசன் போனான். டயர் கடை மாடியில் ரப்பர் நாற்றம். மலர்விழி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரிடமோ, “யக்கா, வேன் தீவனூர் தாண்டிடுச்சி, குயந்தய இடுப்புலேந்து எறக்கி வூட்ல குடுத்துட்டு ஓடியா” என்று கத்திக்கொண்டிருந்தாள். நோட்டீஸைப் படித்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“எப்பிடி சார் தெரிஞ்சிச்சி?”

பூவரசன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

“சார், மூஞ்சப் பாத்துச் சொல்லுங்க. நீங்க எம் பேர சொன்னீங்களா?”

“நான் பேர சொல்லல மலர்விழி.”

அது உண்மை. உண்மையாக இருந்ததால் தைரியமாக அவள் முகத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது.

அவள் தலையாட்டினாள். “நீங்க சொல்லலன்னா சொல்லல சார். நம்புறேன். எங்க வூட்ட வுட்டா இது தெரிஞ்சது ரெண்டே பேருக்குதான். நீங்க ஒண்ணு, இளவரசி ஒண்ணு.” பல்லைக் கடித்துக்கொண்டாள். “எவ்ளோ சொன்னேன் அவகிட்ட, வாயத் தொறக்காதடின்னு.”

இல்லை, இளவரசி இல்லை என்று சொல்ல அப்போது ஒரு இடைவெளி இருந்தது. பூவரசன் போனை வாங்கிப் பையில் வைத்தான். “விசாரணையில எல்லாம் செரியாயிடும். ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்தீன்னா நான் சார்கிட்ட பேசிப் பாக்கிறேன்” என்றான்.

“எதுக்கு சார் மன்னிப்பு? நீங்கதான எடுக்கச் சொன்னீங்க? அத்த நீங்க சொன்னாலே போதுமே.”

“சொல்றேன், சொல்றேன்” என்று படியிறங்கினான்.

இரண்டு நாள் கழித்து விருத்தாசலம் போன் செய்தான். அவன் குரலில் சிரிப்பு இல்லை.

“சார், காலயில மயிலம் ரோட்ல ஒரே பேஜாரு. மலரு வந்து இளவரசிகிட்ட சண்ட. ‘ஒனக்காகத்தாண்டி போயி சொன்னேன், என்னயே மாட்டி வுட்டுட்டியே’ன்னு. அது ‘நான் ஆர்கிட்டயும் சொல்லலக்கா, எம் பையன் மேல சத்தியமா’ன்னு அழுவுது. மலரு கேக்கல. ஓங்கி ஒண்ணு வெச்சிட்டுது சார். வேன் மொத்தமும் பாத்துக்கினு இருந்துச்சி.”

“செரி, நீ வேனப் பாரு.”

“இல்ல சார், அன்னிக்கி நீங்க ரூம்ல கேட்டது இந்த விசயந்தானா? நான் பாட்டுக்கும் இளிச்சிக்கினு சொல்லிட்டேனே. கொரலு தெரிஞ்சிக்கினது நான்தான், இளவரசி இல்லன்னு மலருகிட்ட சொல்லிடட்டா சார்? மனசுக்கு ஒரு மாதிரியா கீது.”

“வேணாம்யா. நீ எதுவும் சொல்லிக்கினு இருக்காத. ஒனக்கும் வேல போவும்.”

“போனா போவுது சார், வேற வண்டி ஓட்டுவேன்...”

“சொன்னா கேளுய்யா!”

“செரிங்க சார்” என்று வைத்துவிட்டான். தன் வாயை மட்டுமல்ல, இன்னொருவன் வாயையும் மூடியாகிவிட்டது என்று பூவரசனுக்குத் தெரிந்தது. அன்று மதியம் மனைவி சித்ரா கட்டிக்கொடுத்த சோற்றை அப்படியே நாய்க்குக் கொட்டினான்.

விசாரணை நாளில் மலர்விழியோடு அவள் அம்மா சவுரியம்மாளும் வந்திருந்தாள். திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைத் தொலி நீக்குகிறவள். சேலை மடிப்பில் இன்னும் செந்தூசி ஒட்டியிருந்தது. மாடிப்படியில் பூவரசனைப் பார்த்ததும் நின்றாள்.

“நீதான அந்தப் படத்துல கீற தம்பி?”

“ஆமாங்கம்மா.”

“மால போட்டுக்கினு நிக்கிறியே, அந்தப் படம்.” அவனை மேலும் கீழும் பார்த்தாள். “எம் பொண்ணு சொல்றதா வேணாமான்னு யோசிச்சிக்கினே கெடந்தா. நான்தான் சொன்னேன். கல்யாணக் கோலத்துல கீறான், நல்ல பையனாட்டம் தெரியுது, போயி சொல்லுடின்னு. எம் பேச்சக் கேட்டுதான் சொன்னா தம்பி.”

திட்டியிருந்தால் பூவரசன் தாங்கியிருப்பான். அவள் திட்டவில்லை. தன் தப்பைத்தான் சொன்னாள்.

உள்ளே போவதற்கு முன் சீனுவாசன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். “அவ ஒன்ன இழுப்பா. புகார் சொன்னாள்னு ஒத்துக்கோ, அது போன்லயே கீது. படம் எடுக்கச் சொன்னதுக்கு மட்டும் ஞாபகம் இல்லன்னு சொல்லு. பொய்யும் இல்ல, நெசமும் இல்ல. நீ பேசினது போன்ல, சாட்சி ஏது? ஆமான்னு சொன்னீன்னா கேஸ்ல அவளோட நீயும்தான் நிப்ப. பொண்டாட்டி புள்ளய நெனச்சிக்கோ.”

சீனுவாசன் நடுவில் உட்கார்ந்தார். கணக்குப் பார்க்கிற அம்மணி பக்கத்தில் கணினியில் தட்டச்சு செய்தாள். மலர்விழி எதிரே. சவுரியம்மாளை வெளியே இருக்கச் சொன்னதற்கு, “ஏன், நான் இன்னா உங்க ரூம தூக்கிக்கினு போயிடுவனா?” என்று கதவருகிலேயே நின்றுகொண்டாள்.

“பத்துப் பொண்ணுங்க படத்த அனுமதி இல்லாம எடுத்தது உண்மையா?”

“எடுத்தேன் சார். பூவரசன் சார் எடுக்கச் சொன்னாரு. வேணாம் சார், ஒண்ணு போதாதான்னு கேட்டேன். பத்தாச்சும் வேணும்னாரு.”

“பூவரசன், நீங்க சொன்னீங்களா?”

அம்மணியின் விரல்கள் நின்றன. மலர்விழி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை. பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொள்ளலாம் என்பதுபோல நம்பிக்கையாகப் பார்த்தாள்.

“ஞாபகம் இல்ல சார்” என்றான் பூவரசன்.

அம்மணி அதைத் தட்டச்சு செய்தாள்.

மலர்விழி அழவில்லை. சத்தம் போடவில்லை. அவளுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கதவோரம் நின்ற அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு, சீனுவாசன் பக்கம் திரும்பினாள்.

“செரி சார். என்ன இன்னா பண்றதோ பண்ணுங்க. அந்த லிங்க்க மூடிட்டீங்களா?”

“அது நம்ம விசாரணை இல்ல.”

“நான் அதுக்குத்தான சார் போன் பண்ணேன்? மூடியாச்சா?”

சீனுவாசன் அம்மணியைப் பார்த்தார். அம்மணி பூவரசனைப் பார்த்தாள். குரல் யாருடையது என்று கண்டுபிடித்தார்கள். நோட்டீஸ் அடித்தார்கள். போனைப் பிடுங்கினார்கள். சாட்சி இருக்கிறதா என்று யோசித்தார்கள். லிங்க்கைப் பற்றி ஒருத்தரும் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

“என் போன புடுங்கிட்டீங்க. நீங்களே தொறந்து பாருங்க சார்” என்றாள் அவனிடம்.

அவன் தன் போனை எடுத்தான். அவள் அனுப்பியிருந்த படத்தில் தெரிந்த லிங்க்கை அடித்து ஒரு எண்ணை மாற்றினான். யாரோ ஒரு பெண். இன்னொன்றை மாற்றினான். இன்னொரு பெண், நெற்றியில் விபூதி, சேர்ந்த அன்று எடுத்த படம். மூன்றாவதாக வந்தது இளவரசி. புளியமரம் நிறுத்தம், மயிலம் சாலை.

“தொறக்குது” என்றான்.

“சார், நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றான் பூவரசன். குரல் அவனுக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. “அது வேணாம்னுச்சி. நான்தான் பத்து பேருதுன்னு கட்டாயப்படுத்தினேன். ஞாபகம் கீது. நல்லா ஞாபகம் கீது. அது வாய்ஸ உங்களுக்கு தள்ளி வுட்டதும் நான்தான். பேரு ரகசியம்னு சொல்லிட்டு கொரல அனுப்பிட்டேன்.”

“யோவ்! அம்மணி, நீ அத்த அடிக்காத” என்றார் சீனுவாசன்.

“அடிக்கலன்னா கையால எழுதித் தர்றேன் சார்.”

எழுதினான். அவன் எழுதி வெகுநாள் ஆகியிருந்தது. கோடு கோணலாகப் போனது. இரண்டு தாளில் ஒரே விஷயத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒன்றை மேசையில் வைத்தான். ஒன்றை மலர்விழியிடம் கொடுத்தான். சீனுவாசன் தாளைத் தொடவில்லை. போலீஸ் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை; அந்தத் தாள் வெளியே இருக்கும்வரை எடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். “ரெண்டு பேரும் நாளயிலேந்து வர வேணாம். அடையாள அட்டய வெச்சிட்டுப் போ” என்றார்.

தெருவுக்கு வந்ததும் பூவரசன் முதல் வேலையாக அந்த லிங்க்கை உருவாக்கிய சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டான். எடுத்தவன் சின்னப் பையன் போலப் பேசினான். “அய்யய்யோ, எங்களுக்கு யாருமே சொல்லலையே சார். சொல்லியிருந்தா அன்னிக்கே மூடியிருப்போம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடறேன்” என்றான். ஒரே ஒரு போன். அதற்கு யார் பெயரும் தேவைப்பட்டிருக்காது.

மலர்விழி தாளை மடித்து அம்மாவின் பையில் வைத்தாள். நேராகத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகிறார்களாம்.

“மலர்விழி, நான்...”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க சார்.” அவள் கண் இப்போதுதான் கலங்கியது. “உங்கள நம்பி அந்தப் பொண்ண அடிச்சிட்டேன். புள்ள மேல சத்தியம் பண்ணிச்சி. அப்பவும் அடிச்சேன். போயி அதுகிட்ட சொல்லுங்க.”

“நம்பர் கீது, இப்பவே பேசறேன்.”

“போன்லயா? போன் அடிச்சாலே நடுங்குது சார் அது. நேருல போயி சொல்லுங்க.”

சவுரியம்மாள் மகளின் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

பூவரசன் திண்டிவனம் பஸ் ஏறினான். ஜன்னலோர இருக்கை. கண்டக்டரிடம் கூட்டேரிப்பட்டு என்று சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டு, போனைத் திறந்து பார்த்தான். மாலை வேன் இறங்கும் நேரம் ஐந்தே முக்கால். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மயிலம் சாலை. புளியமரத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அந்த இடத்தில் அது ஒன்றுதான் மரம். அடியில் நின்று, என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். உன்மேல் தப்பில்லை, என்மேல்தான் தப்பு. இன்னும் ஒருதரம் லிங்க்கைத் தொட்டுப் பார்த்தான். பக்கம் திறக்கவில்லை. கடவுச்சொல் கேட்டது. பல நாளுக்குப் பிறகு அவனுக்கு மூச்சு ஆழமாக வந்தது.

வேன் வந்து நின்றது. நான்கைந்து பெண்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள். மரத்தடியில் ஒரு ஆண் நிற்பதைப் பார்த்ததும் பேச்சு அறுந்தது. நீலச் சுடிதார் போட்டவள் இறங்கின படிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். அவள் கை வேன் கதவைப் பிடித்திருந்தது.

“இளவரசிதானம்மா நீ?” என்று பூவரசன் இரண்டு அடி முன்னால் வந்தான்.

“அங்கயே நில்லு!” என்று இன்னொரு பெண் கத்தினாள். “யார்யா நீ?”

இளவரசி கதவை விடாமலே கேட்டாள். “நான் இந்நேரத்துக்கு இங்க எறங்குவேன்னு உனக்கு ஆரு சொன்னது?”

பூவரசன் வாயைத் திறந்தான். மலர்விழி இறங்கும் நேரத்தைச் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, மூடப்படுவதற்கு முன்னால், அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து வந்திருந்தான்.

“எம் பேரு பூவரசன்” என்றான். அதற்குமேல் ஒரு அடிகூட வைக்காமல், கையிலிருந்த போனைத் தரையில் வைத்துவிட்டுச் சாலையின் அந்தப் பக்கத்துக்குப் போய் நின்றான். “உன் பக்கத்த தொறந்து பாத்துட்டுதாம்மா வந்தேன். நானும்தான் பாத்தேன்.”

பெண்கள் இளவரசியைச் சுற்றி நின்றார்கள். டிரைவர் விருத்தாசலம் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். பூவரசன் அங்கிருந்தபடியே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.